ஓரகத்தி அளந்த தண்ணீர்

ஓடுவது உடம்புக்கு நல்லது என்று யாராவது என் முன்னால் பேச்செடுத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நல்லதுதான், இல்லை என்று சொல்லவில்லை. யாருக்கு, எவ்வளவு, எந்த வெயிலில் என்று சொல்லாமல் வெறுமனே நல்லது நல்லது என்கிறவர்களைக் கண்டால்தான் எனக்கு ஆகாது. அவர்களிடம் ஒவ்வொரு தடவையும் வாய் வலிக்கச் சொல்வதற்குப் பதில் ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் கோயமுத்தூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ட்ரங்க் கால் போட்டுக் கொடுக்கும் வேலை. தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத் வந்துவிட்டதால் அந்த வேலையும் பாதியாகக் குறைந்திருந்தது. உட்கார்ந்து உட்கார்ந்து உடம்பு பெருத்தேன். வீடு சரவணம்பட்டியில். என் கணவர் நடராஜ் காந்திபுரத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். குழந்தை இல்லை. என் அம்மாவும் போய்ச் சேர்ந்திருந்தாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அவருடைய தம்பி சிவராஜ் பல்லடத்தில் தறி ஓட்டினார். தம்பி மனைவி, அதாவது எனக்கு ஓரகத்தி, பூங்கொடி. குலதெய்வக் கோயில் பொங்கலில் பந்தி போடும்போது நான் உட்காரப்போன இடத்தைப் பார்த்து, "அக்காளுக்கு ரெண்டு எலைக்கு எடம் உடுங்க" என்றாள். பந்தியே சிரித்தது. என் வீட்டுக்காரரும் சிரித்தார். நான் சாப்பிடாமல் எழுந்தேன். வாய் சும்மா இருக்குமா, போகும்போது நாலு பேர் முன்னால் அவளைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டுத்தான் போனேன். அதோடு பேச்சு நின்றது. மூன்று வருஷம் ஒரு சொல் கிடையாது. விசேஷ வீடுகளில் நான் கிழக்கே பார்த்து நின்றால் அவள் மேற்கே பார்த்து நிற்பாள்.

நான் ஓட ஆரம்பித்தது ஆரோக்கியத்துக்காக இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவள் முன்னால் ஒருநாள் இளைத்துப்போய் நிற்க வேண்டும், அதற்காகத்தான்.

வழி சொன்னவள் கூட வேலை செய்த மேரி. மஸ்கட்டிலிருந்து அவள் அண்ணன் கொண்டுவந்த வாக்மேனை என் கையில் கொடுத்தாள். "காதுல மாட்டிட்டு ஓடுங்க்கா. பாட்டு இழுத்துட்டுப் போயிரும். ஓடறதே தெரியாது" என்றாள். காந்திபுரத்தில் ஒரு ரெக்கார்டிங் கடையில், "எல்லாமே வேகமான பாட்டா வேணும், நடுவுல சோகம் வரக் கூடாது" என்று சொல்லி ஒரு கேசட் பதிந்து வாங்கினேன். கடைக்காரர், "ஸ்கூல்ல டான்ஸுங்களா?" என்றார். ஆமாம் என்றேன்.

கோடை விடுமுறையில் எங்கள் ஊர் அரசுப் பள்ளி மைதானம் சும்மா கிடந்தது. முதன்முதலாகச் சுடிதார் போட்டு, கேன்வாஸ் ஷூ மாட்டி, சாயங்காலம் போனேன். முதல் நாள் ஒரு சுற்றுகூட முடியவில்லை. நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது. கபடி விளையாடிக்கொண்டிருந்த பையன்கள் விளையாட்டை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஆனால் மேரி சொன்னது பொய்யில்லை. காதில் தவில் அடியும் டிரம்ஸும் விழ விழக் கால் தானாகப் போனது. பையன்கள் என்ன சொல்லிச் சிரித்தாலும் கேட்கவில்லை. ஒரு வாரத்தில் சுற்றுகள் கூடின. வியர்வை ஊற்ற, பாட்டுக்குத் தாளம் தப்பாமல் கால் விழும் அந்த நேரம் எனக்குப் பிடித்துப்போனது. அப்படிப் பிடித்துப்போனதே என்ற ஆத்திரம் எனக்கு இப்போதும் இருக்கிறது. பிடிக்காமல் போயிருந்தால் தப்பித்திருப்பேன்.

சித்திரைக் கிருத்திகை அன்று விரதம். எங்கள் வீட்டு வழக்கப்படி தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அன்றைக்கு ஓட்டம் வேண்டாம் என்றுதான் இருந்தேன். டியூட்டி முடித்து வீட்டுக்கு வந்தபோது என் கணவர் ஒரு செய்தி சொன்னார். அவருக்கு எதை மறைக்க வேண்டும் என்றே தெரியாது.

"மத்தியானம் பூங்கொடி கடைக்குப் போன் பண்ணுச்சு, கௌசு. நீ ஓடறது அதுக்கும் தெரிஞ்சிருக்குது. கிரவுண்டு தாங்குமாங்க மாமான்னு கேக்குது" என்று சொல்லிச் சிரித்தார்.

 ஷூவை மாட்டினேன்.

அந்தச் சாயங்காலம் காற்றே இல்லை. மண் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது. கேசட்டில் ஒரு பக்கம் முடியும்வரை நிற்கக் கூடாது என்று வைராக்கியம் எடுத்துக்கொண்டேன். அந்த வாக்மேன் ஒரு பக்கம் முடிந்ததும் தானே மறுபக்கத்துக்குத் திரும்பிவிடும் ரகம். அது திரும்பியதை நான் கவனிக்கவே இல்லை. தொடை கல்லாய் இறுகியது. நிறுத்து என்று உடம்பு கத்தியிருக்க வேண்டும். காதை அடைத்துக்கொண்டிருந்த பாட்டில் அது எனக்குக் கேட்கவில்லை. கால் மடங்கி உட்கார்ந்தபோது இருட்டியிருந்தது. வாக்மேன் இன்னும் பாடிக்கொண்டிருந்தது.

மறுநாள் படுக்கையிலிருந்து இறங்க முடியவில்லை. தொடை இரண்டும் வீங்கி, தொட்டால் உயிர் போனது. மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கிவரச் சொல்லி ஒன்று மாற்றி ஒன்றாக விழுங்கினேன். பாத்ரூம் போனால் சிறுநீர் கட்டன்காப்பி நிறத்தில் போனது. பக்கத்தில் கிளினிக் வைத்திருந்த டாக்டர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நிறத்தைச் சொன்னதும், "மஞ்சக்காமாலை" என்றார். ஓடினேன் என்று சொல்லிப் பார்த்தேன். "ஓடுனா காமாலை வராதுங்கம்மா. வெளிய எங்க தண்ணி குடிச்சீங்க?" என்று அடக்கிவிட்டார். என் கணவர் கீழாநெல்லி தேடி அலைந்தார். அரைத்துக் குடித்ததெல்லாம் வாந்தியாக வந்தது. அப்புறம் சிறுநீரே நின்றது. முகம் உப்பி, கண் இடுங்கி, மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் டாக்ஸி பிடித்து டவுனில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே காத்திருந்த நேரத்தை என்னால் மன்னிக்க முடியாது. ரத்தம் எடுக்க ஒரு வரிசை, சீட்டுப் போட ஒரு வரிசை, ஸ்கேனுக்கு ஒரு வரிசை. எதிரே சுவரில் ஒரு குழந்தை வாயில் விரல் வைத்து அமைதி காக்கச் சொல்லும் படம். அதைக் கிழித்தெறிய வேண்டும்போல் இருந்தது. யார் என்ன கேட்டாலும் என் கணவர் எழுந்து நின்று, "காமாலைங்க" என்றார்.

சிறுநீரக டாக்டர் சின்ன வயசுக்காரர், சிடுமூஞ்சி. என் தொடையை அழுத்திப் பார்த்தார். நான் அலறினேன்.

"என்னம்மா பண்ணுனீங்க?"

"ஓடுனேன்."

"யார் தொரத்துனாங்க?"

எனக்கு அவரை அறைய வேண்டும்போல் இருந்தது. ஆனால் விஷயத்தைப் புரியும்படி சொன்ன முதல் ஆளும் அவர்தான். பழக்கமில்லாத உடம்பை அளவுக்கு மீறி, அதுவும் தண்ணீர் இல்லாமல் வெயிலில் விரட்டினால் தசை உடைந்துபோகுமாம். உடைந்த தசையின் சாறு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்குப் போகும். ரத்தத்தை வடிகட்டும் உறுப்பு அது. காப்பி வடிகட்டியில் தூள் அடைத்துக்கொள்கிற மாதிரி அந்தச் சாறு அடைத்துக்கொண்டது. நான் விழுங்கிய வலி மாத்திரைகள் மிச்சத்தையும் கெடுத்தன. க்ரியாட்டினின் என்று ஒரு கழிவு இருக்கிறது. சிறுநீரகம் வேலை செய்தால் வெளியே போய்விடும், செய்யாவிட்டால் ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். எனக்கு ஏறிக்கொண்டிருந்தது.

"திரும்ப வேலை செய்யுமுங்களா?" என்று என் கணவர் கேட்டார்.

"செய்யலாம். செய்யாமலும் போகலாம். அதுவரைக்கும் மெஷின்தான் கிட்னி" என்றார் டாக்டர்.

கழுத்தில் குழாய் இறக்கி டயாலிசிஸ் போட்டார்கள். ரத்தம் ஒரு குழாய் வழியே வெளியேறி, மெஷினுக்குள் போய்க் கழுவப்பட்டு, இன்னொரு குழாய் வழியே திரும்பி வரும். என் ரத்தம் என் கண் முன்னால் சுற்றிக்கொண்டிருக்கும். உடம்பு குளிர்ந்து பல் கிட்டும். முடிவதற்குள் கெண்டைக்கால் சுருட்டிப் பிடிக்கும். முதல் நாள் மெஷினைப் பார்த்து எனக்கு வந்தது பயம். அப்புறம் வந்ததெல்லாம் வெறுப்புத்தான்.

பெண்கள் வார்டில் துணைக்கு ஒரு பெண் இருந்தே ஆக வேண்டும் என்றார்கள். மேரி இரண்டு நாள் லீவு போட்டு வந்தாள். அவள் போனதும் மறுநாள் காலை ஒரு பிளாஸ்டிக் கூடையோடு வாசலில் வந்து நின்றவள் பூங்கொடி.

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

அவள் உள்ளே வந்தாள். கூடையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். என் சிக்குப் பிடித்த தலையை அவிழ்த்து, வலிக்கிற மாதிரியே வாரிப் பின்னினாள். துணியை மாற்றினாள். பெட்பேன் வைத்தாள். நான் யாருக்குக் காட்ட வேண்டாம் என்று ஓடினேனோ அந்த உடம்பை, உப்பிப்போய் இன்னும் பெருத்திருந்த உடம்பை, அவள் ஈரத்துணியால் துடைத்தாள். அந்த அவமானத்துக்கு மெஷினே தேவலை என்றிருந்தது.

எங்கள் பேச்செல்லாம் நர்ஸ் மூலமாக நடந்தது. பாலக்காட்டுப் பக்கத்துப் பெண் அவர்.

"சிஸ்டர், இந்த பெட்டுக்காரங்களுக்கு இட்லி வேணுமான்னு கேளுங்க."

"சிஸ்டர், எனக்கு வேண்டாம்னு சொல்லிருங்க."

"சிஸ்டர், திங்காட்டி ஊசிதான் போடுவாங்களாம்னு சொல்லுங்க."

ஒருநாள் அவர் ஊசித் தட்டை டங்கென்று வைத்தார். "நிங்கள் ரெண்டாளும் தமிழ் தானே? ஞான் என்ன போஸ்ட்மேனா?" வார்டே சிரித்தது. நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

வலியைவிடக் கொடுமை தாகம். வெளியே போக வழியில்லாததால் உள்ளே போகும் தண்ணீருக்கும் கணக்கு. ஒரு நாள் முழுதுக்கும் ஒரு சின்ன எவர்சில்வர் சொம்பு அளவுதான். அந்தச் சொம்பு பூங்கொடி கையில். ஒரு மடக்கு கேட்டால் ஒரு மடக்கு மட்டும் ஊற்றுவாள். மறு மடக்குக்குச் சாயங்காலம் ஆக வேண்டும். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சித்திரை முடிந்து வைகாசி பிறந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே வெயில் காய்ந்தது. வந்தவர்கள் எல்லோரும் என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சோடா குடித்தார்கள். குடித்துவிட்டு, கிட்னி போய்ச் செத்தவர்கள் கதையை ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். "கவலப்படாதீங்க, எங்க பெரியப்பனுக்கும் இப்பிடித்தான் ஆச்சு" என்று ஒருத்தர் ஆரம்பித்தார். "பெரியப்பா இப்ப எப்படியிருக்காருங்க?" என்று கேட்டேன். அவர் எழுந்து போய்விட்டார்.

ஒரு நாள் மத்தியானம் பூங்கொடி பாத்திரம் கழுவப் போயிருந்தாள். என் கணவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மஞ்சப்பையிலிருந்து ஒரு பிளாஸ்கை எடுத்தார்.

"எளநி, கௌசு. செவ்வெளநி. சூடு தணியட்டும். அந்தப் புள்ள வாரதுக்குள்ள குடிச்சுரு."

அவர் கண் கலங்கியிருந்தது. அத்தனை நாளில் என் தாகத்தைப் பார்த்து அழுத ஒரே மனுஷர் அவர்தான். டம்ளரில் ஊற்றினார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் டம்ளரை வாயருகே கொண்டுபோய்விட்டேன்.

பின்னாலிருந்து ஒரு கை வந்து டம்ளரைப் பிடித்தது.

பூங்கொடிதான். நான் டம்ளரை விடவில்லை. இரண்டு பேரும் இழுத்தோம். எனக்கு எங்கிருந்து அவ்வளவு வெறி வந்ததோ, அவள் மணிக்கட்டைக் கடித்தேன். பல் பதியக் கடித்தேன். அவள் கையை எடுக்கவில்லை. மற்றக் கையால் டம்ளரைத் தட்டிவிட்டாள். இளநீர் தரையில் ஓடியது. பிளாஸ்கை எடுத்துக்கொண்டு போய் அதையும் வாஷ்பேசினில் கவிழ்த்தாள். அப்புறம் என் கணவரைப் பார்த்துத்தான் கத்தினாள்.

"டாக்டர் அன்னைக்கு அத்தன தடவ சொன்னாருங்களே மாமா! எளநி ஆகாது, பழம் ஆகாதுன்னு! நீங்களுந்தான தலையாட்டிட்டு நின்னீங்க? கொன்னுபோடலாம்னு கொண்டாந்தீங்களா?"

என் கணவர் பையைப் பிடித்தபடி நின்றார். நான் அவளைப் பார்த்து என்னென்னவோ சொன்னேன். எழுத முடியாத வார்த்தைகள். மூன்று வருஷப் பகையை நான் கிடையாய்க் கிடக்கும்போது தீர்த்துக்கொள்கிறாள் என்றே நினைத்தேன். அவள் குனிந்து தரையைத் துடைத்தாள்.

சாயங்காலம் டாக்டர் காலையில் எடுத்த ரத்தத்தின் ரிப்போர்ட்டோடு வேகமாக வந்தார். பொட்டாசியம் என்று ஒரு உப்பு. சிறுநீரகம் அடைத்தால் அது ரத்தத்தில் தேங்கும். தேங்கினால் நெஞ்சுத் துடிப்பு தடுமாறி நின்றுபோகும். எனக்கு அது ஏற்கெனவே எல்லைக்கு வந்திருந்தது. உடனே மெஷினில் போடச் சொன்னார். தரையில் காய்ந்த கறையையும் பிளாஸ்கையும் பார்த்தார்.

"இது என்ன?"

 பூங்கொடிதான், "எளநிங்க. குடிக்கலீங்க" என்றாள்.

"ஒரு வாய்கூடவா?"

"ஒரு வாய்கூட இல்லீங்க."

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். "இளநீர்ல அந்த உப்புதான் நெறைய இருக்கு. இதக் குடிச்சிருந்தா நான் வந்திருக்க வேண்டிய வேலையே இல்ல" என்றார். என் கணவர் வராந்தாவுக்குப் போய்விட்டார். அவர் அழும் சத்தம் உள்ளே கேட்டது.

நான் அவளுக்கு நன்றி சொல்லவில்லை. அவள் மணிக்கட்டில் நர்ஸ் மருந்து போடுவதை மெஷினில் கிடந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் சிவராஜ் வந்தார். பல்லடத்தில் புது வீடு கட்டி முடித்திருந்தார்கள். அந்த மாதமே புண்ணியார்ச்சனை வைத்து வீடு புக இருந்ததைத் தள்ளிவைத்துவிட்டதாக என் கணவரிடம் சொன்னார். எனக்கு அதுவரை தெரியாது. பூங்கொடி காதில் விழாதவள் மாதிரி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் வந்த நாட்கள் எல்லாம் ஒரே மாதிரி. மெஷின், ஊசி, காலையில் ரத்தம், சாயங்காலம் ரிப்போர்ட். கட்டிலுக்கு அடியில் அளவுக் கோடு போட்ட பிளாஸ்டிக் ஜாடி ஒன்று இருந்தது. சிறுநீர் வந்தால் அதில் பிடித்து அளக்க வேண்டும். தினமும் அதன் அடியை நனைக்கும் அளவுக்குத்தான் வந்தது. பூங்கொடி அதைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, வாய்க்குள் ஏதோ முனகிவிட்டுக் கொட்டிவிட்டு வருவாள். டாக்டர் எங்களிடம் நிரந்தர டயாலிசிஸ் பற்றியும் மாற்றுச் சிறுநீரகம் பற்றியும் பேச ஆரம்பித்திருந்தார். அதைக் கேட்ட அன்றைக்கு நான் போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டேன். செத்துப்போகும் பயம் இல்லை. சாகாமல் ஆயுசு பூராவும் இந்தச் சொம்புத் தண்ணீரோடு கிடக்கும் பயம்.

ஒருநாள் காலை ஜாடியில் விழும் சத்தம் வேறு மாதிரி இருந்தது. எனக்கே புரியவில்லை. பூங்கொடி ஜாடியை எடுத்துத் தூக்கிப் பிடித்தாள். ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். அப்புறம் ஜாடியோடு வார்டுக்குக் குறுக்கே ஓடினாள்.

"சிஸ்டர்! ஏனுங் சிஸ்டர்! இங்க பாருங்க, கோட்டத் தாண்டிருச்சு! எங்க அக்காளுக்கு வந்துருச்சு!"

நர்ஸ் ஜாடியை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதை எதுக்கு எல்லாருக்கும் காணிக்கறீங்க?" என்று கடிந்தார். பூங்கொடி காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அன்றைக்கு வராந்தாவில் இருந்த எல்லோரும் என் சிறுநீரைப் பார்த்தார்கள்.

அடைப்பு விலகிய பிறகு மடை திறந்த மாதிரிதான். க்ரியாட்டினின் இறங்கியது. மெஷினை நிறுத்தினார்கள். கழுத்துக் குழாயை உருவினார்கள். இப்போது டாக்டர் தண்ணீர் குடி குடி என்றார். பூங்கொடி சொம்பு சொம்பாக ஊற்றினாள், போதும் என்றாலும் விடவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னதை, இதைப் படிக்கிறவர்களுக்காக அப்படியே எழுதுகிறேன். "ஓடலாம்மா. ஆனா இப்ப இல்ல. உடம்பு முழுசாத் தேறி நான் சொன்ன பிறகு. கொஞ்சம் ஓடுங்க, நெறைய நடங்க. பக்கத்துல வர்றவங்களோட பேச முடியணும். பேச முடியலைன்னா நிறுத்துங்க. விரதத்துல ஓடாதீங்க. காதுல எதையும் மாட்டாதீங்க, மூச்சு உங்களுக்குக் கேக்கணும். சிறுநீர் கறுத்தா அன்னைக்கே வாங்க." இவ்வளவுதான் விஷயம். இதை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் என் கழுத்தில் இந்தத் தழும்பு இருக்காது.

ஆவணியில் பல்லடத்துப் புது வீட்டுப் புண்ணியார்ச்சனைக்குப் போனோம். எடை பாதியாகிச் சேலை தொளதொளவென்று தொங்கியது. வாசலில் ஓர் அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அடேயப்பா, என்னமா எளச்சுப்போட்டீங்க! என்ன பண்ணுனீங்க, எங்களுக்கும் சொல்லுங்க."

நான் வாய் திறப்பதற்குள் சந்தனக் கிண்ணத்தோடு வந்த பூங்கொடி சொன்னாள். "கிட்னி ரெண்டும் நின்னுபோச்சுன்னா இப்பிடி எளைக்கலாமுங்க. உங்களுக்கும் வேணுமுங்களா?"

அந்த அம்மாள் என் கையை விட்டுவிட்டு உள்ளே போனார்.

பந்தி நடந்துகொண்டிருந்தபோது நான் சமையல்கட்டுக்குப் போனேன். அவள் தனியாக அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டில் பல் தடம் கறுப்பாகத் தெரிந்தது.

"எதுக்கு வந்தே ஆஸ்பத்திரிக்கு?" என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் திட்டியதையும் தண்ணீர் கேட்டதையும் விட்டால், மூன்று வருஷத்துக்குப் பிறகு நேராக அவளிடம் நான் பேசிய முதல் பேச்சு அது.

அவள் திரும்பவில்லை. "நீங்க போய்ச் சேர்ந்திருந்தீங்கன்னா தீட்டு. இந்த ஊட்டுக்குள்ள ஒரு வருசம் காலெடுத்து வைக்க முடியாது. அதுக்குத்தான் வந்தேன்" என்றாள்.

"அதுக்கு மட்டுந்தானா?"

அப்பளத்தை எண்ணெயிலிருந்து எடுத்து வடியவிட்டாள்.

"மொத நாளு அதுக்குத்தானுங்க. அப்புறம் அந்த ஜாடி மேல எனக்கு ஒரு வெறி வந்துபோச்சு. நெறையறதப் பாக்காம ஊட்டுக்குப் போகக் கூடாதுன்னு."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. அப்பளத் தட்டைத் தூக்கி என் கையில் வைத்தாள்.

"சும்மா நிக்காதீங்க. பந்திக்குக் கொண்டுபோங்க, ஆறிருமுங்க."